பனம்பாணி காய்ச்ச ஒரு பிரிக்ஸ் மீற்றர்: வாங்கலாமா?

கடையில் 'தேன் மீற்றர்' என்று கேட்டால் இந்தப் பிரிக்ஸ் மீற்றரை எடுத்துத் தருவார்கள். பெட்டியில் ரிப்ராக்டோமீற்றர் என்று போட்டிருக்கும். ஒரு சாண் நீள அலுமினியக் குழாய், நடுவில் ரப்பர் பிடி, ஒரு முனையில் சரிவாக வெட்டிய கண்ணாடிப் பட்டகம், அதன்மேல் மடிந்து மூடும் பிளாஸ்ரிக் தட்டு, மறு முனையில் கண் வைத்துப் பார்க்கும் இடம். பற்றரி தேவையில்லை. தேனுக்காகச் செய்ததுதான், ஆனால் மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கங்களில் கருப்பணி (புளிக்காமல் சுண்ணாம்பிட்டு இறக்கும் பனஞ்சாறு) இறக்கிப் பாணி காய்ச்சி விற்கிறவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதே இங்கே கேள்வி. இரு சுடர் எரிவாயு அடுப்பு ஒன்றுக்குக் கொடுக்கும் காசுக்குள் ஒன்று வாங்கிவிடலாம்.

வாங்கும்போது அளவுகோலைப் பாருங்கள். பிரிக்ஸ் என்பது நூறு கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது என்ற அளவு. பாணிக்கு வேண்டியது 58 முதல் 90 பிரிக்ஸ் வரை காட்டுவது. 0 முதல் 32 வரை காட்டும் இன்னொரு வகையும் அதே உருவத்தில், அதேபோன்ற பெட்டியில் வரும். அது மரத்திலிருந்து இறக்கிய கருப்பணியை அளக்க நல்லது, பாணிக்கு உதவாது. தேன் மீற்றரின் உள்ளே மூன்று கோல்கள் இருக்கும்: பிரிக்ஸ், போமே (அடர்த்திக்கான இன்னொரு அளவு), நீர் வீதம். பிரிக்ஸ் கோலை மட்டும் வாசியுங்கள். நீர் வீதக் கோல் தேனுக்கென்று கணக்கிட்டது, பாணியில் அந்த எண்ணை நம்ப முடியாது.

ஏன் மீற்றர், கண் பதம் போதாதா? நுரை பெரிய குமிழியிலிருந்து சின்னக் குமிழிக்கு மாறுவதையும், அகப்பையிலிருந்து வழியும் விதத்தையும் பார்த்தே பதம் சொல்லும் கைகள் இன்னும் இருக்கின்றன. பனங்கட்டிக்கு அந்தக் கை தாராளமாகப் போதும். பாணியில்தான் சிக்கல், காரணம் கடைசிக் கட்டத்தின் வேகம். கணக்குப் போட்டால் தெரியும். 12 பிரிக்ஸ் கருப்பணி 50 கிலோ தாச்சியில் ஏறினால் அதில் கரைந்த சர்க்கரை 6 கிலோ. 20 பிரிக்ஸ் வருவதற்கு 20 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். 60 வரும்போது தாச்சியில் மிஞ்சுவது 10 கிலோ. அங்கிருந்து 68க்குப் போக வெறும் 1.2 கிலோ தண்ணீர் போனால் போதும். ஊமல் (காய்ந்த பனங்கொட்டை) போட்ட அடுப்பில் அது சில நிமிட வேலை. காலையிலிருந்து நின்ற உழைப்பு அந்தச் சில நிமிடத்தில்தான் நல்லதாகவோ கெட்டதாகவோ முடிகிறது.

முன்னதாக இறக்கி 60இல் போத்தலில் அடைத்தால் திருகோணமலை வெக்கைக்குக் கிழமைக் கணக்கில் புளிக்கும். மூடியைத் திறந்தால் புஸ் என்று வாயு வரும், கழுத்தடியில் வெள்ளை நுரை நிற்கும். கூடக் காய்ச்சினால் வேறு நட்டம். 30 பாகைச் சூட்டில் தண்ணீர் தாங்கக்கூடிய சீனி 68 சதவீதம் அளவில்தான், அதற்கு மேல் உள்ளது மெல்ல மெல்லப் போத்தல் அடியில் மணியாக இறங்கும். விற்பனையிலும் இடிக்கும். மேலே சொன்ன 50 கிலோவை 68இல் இறக்கினால் 750 மில்லிலீற்றர்ப் போத்தலில் எட்டே முக்கால் வரும். 74 வரை விட்டால் ஏழே முக்கால்தான். ஒரு தாச்சிக்கு ஒரு போத்தல் காற்றோடு போகிறது. எங்களைக் கேட்டால், மீற்றரின் விலையைத் திருப்பித் தருவது இந்த ஒரு போத்தல்தான்.

கனடாவிலிருந்து வரும் உறவுகள் மேப்பிள் பாணிப் போத்தல் கொண்டுவந்து தருவார்கள். அங்கே குறைந்தது 66 பிரிக்ஸ் இருந்தால்தான் அதை மேப்பிள் பாணி என்று விற்கலாம். மேப்பிள் மரத்துச் சாற்றில் சர்க்கரை 2 சதவீதம் அளவில்தான் இருப்பதால் ஒரு லீற்றர் பாணிக்கு 40 லீற்றருக்கு மேல் சாறு வேண்டும். நமக்கு ஏழு லீற்றர் சொச்சம் போதும். பனை அவ்வளவு தாராளமாகத் தருகிறது என்பதாலேயே நாம் கடைசி அளவைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று தோன்றும்.

இனிச் சாமானின் குறைகள். முதலாவது, சூடு. பெட்டியில் 'தானாக வெப்பம் சரிசெய்யும்' என்று எழுதியிருக்கும். அந்தச் சரிசெய்தல் 10 முதல் 30 பாகை வரைதான். கச்சான் வீசும் மாதங்களில் நண்பகலில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். ஆகவே மீற்றரைக் கொட்டிலில் தொங்கவிடாமல் வீட்டுக்குள்ளே, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். அதைவிடப் பெரிய பிழை, கொதிக்கும் பாணியை அகப்பையிலிருந்து நேரே கண்ணாடியில் விடுவது. சூடான பாணி உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டும். குறைவாக இருக்கிறதென்று இன்னும் காய்ச்சுவீர்கள், கடைசியில் கல்லாகும்.

சரியான முறை இது. நுரைக்குக் கீழிருந்து இரண்டு தேக்கரண்டி பாணியை மூடியுள்ள சின்ன எவர்சில்வர் டப்பாவில் எடுத்து மூடி, தண்ணீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். மூடாமல் விட்டால் ஆவி போய் அளவு ஏறிவிடும். அந்த ஐந்து நிமிடமும் தாச்சி அடுப்பில் இருக்கக்கூடாது, இறக்கியே ஆகவேண்டும். ஆறியதும் ஒரு துளியை நீலப் பட்டகத்தின் நடுவில் விட்டு, தட்டை மெதுவாகச் சாய்த்து மூடி, அரை நிமிடம் பொறுங்கள். துளி தட்டின் ஓரம்வரை பரவ வேண்டும். உள்ளே குமிழி நின்றால் துடைத்து மறுபடி விடுங்கள். வானத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் ஒரு கோடு. கோடு நிற்கும் எண்தான் பிரிக்ஸ். அடுப்பு வெளிச்சத்திலும் கைத்தொலைபேசி விளக்கிலும் கோட்டின் ஓரம் நிறம் நிறமாகச் சிதறும், ஆகவே பகலில் பாருங்கள்.

கோடு புகைபோல் மங்கினால் மீற்றரில் பிழை தேடாதீர்கள். பெரும்பாலும் அது சுண்ணாம்பு. கருப்பணி சேரும் முட்டிப் பானையில் தடவிய சுண்ணாம்பு தெளியாமல் கருப்பணியோடு தாச்சிக்கு வந்தால் பாணி கலங்கும், நிறம் கறுக்கும், நாக்கில் காரும். கருப்பணியை அசையாமல் வைத்துத் தெளிய விட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து, நெருக்கமான பருத்தித் துணியில் வடித்த பிறகே ஏற்றுங்கள். பனந்தோப்பிலிருந்து மாட்டு வண்டிலில் முட்டிகளைக் கொண்டுவருகிறவர்கள், குலுங்கியதைத் தெளிய விடாமல் அவசரத்தில் ஏற்றும் நாட்களில்தான் இந்த மங்கல் கூட வருகிறது. நுரையை அடக்கத் தேங்காயெண்ணெய் விடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். எண்ணெய் படிந்த துளியில் கோடு இரண்டாகத் தெரியும்.

இரண்டாவது குறை, சுழியம் பார்ப்பது. 58இல் தொடங்கும் கோலைத் தண்ணீரால் சரிபார்க்க முடியாது. அதற்கென்று ஒரு சின்னக் கண்ணாடிக் கட்டியும் ஒரு சிறு குப்பி எண்ணெயும் பெட்டியோடு வரவேண்டும். கட்டியில் எழுதியுள்ள எண்ணுக்குக் கோடு வரும்வரை மேலேயுள்ள திருகாணியைத் திருப்ப வேண்டும். இவை இல்லாத பெட்டியை மலிவென்று வாங்கவேண்டாம், முதல் நாளே இரண்டு பிரிக்ஸ் தள்ளிக் காட்டினாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை.

வெப்பமானி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கடல்மட்டத்தில் பாணி 104 பாகை சொச்சத்தில் பதமாகும், உண்மைதான். ஆனால் வெப்பமானி ஒரு பாகை பிசகினால் பாணியில் நாலு பிரிக்ஸ் பிசகும். இரண்டையும் சேர்த்து வைத்திருங்கள்: 103இல் தீயைக் குறையுங்கள், 104இல் தாச்சியை இறக்கி மீற்றரில் பாருங்கள். 66க்கும் 68க்கும் நடுவில் நின்றால் 85 பாகைக்குக் குறையாத சூட்டில், நன்றாகக் காய்ந்த போத்தலில் ஊற்றி மூடுங்கள். ஈரப் போத்தலில் ஊற்றினால் மேற்பரப்பு மட்டும் நீர்த்துப் பூசணம் பிடிக்கும், அதற்கு மீற்றர் பொறுப்பில்லை.

வாங்குகிறவர்கள் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். இந்த மீற்றர் பாணியின் அடர்த்தியைத்தான் சொல்லும். வெள்ளைச் சீனி கலந்த பாணியும் 68 காட்டும், சுத்தமான பனம்பாணியும் 68 காட்டும். 'மீற்றரில் பார்த்த அசல் பாணி' என்று யாராவது விற்றால் அந்தச் சொல்லில் பாதிதான் உண்மை. கருப்பணி புளித்ததையும் இது காட்டாது. அதற்கு pH தாளோ நாக்கோதான் வழி. புளித்தது எவ்வளவு காய்ச்சினாலும் பனங்கட்டியாக இறுகாது.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறவிட்டால் சாமான் போய்விடும். குழாயடியில் பிடித்துக் கழுவக்கூடாது, தண்ணீர் உள்ளே இறங்கினால் கண்ணாடி பனிபிடித்து எதுவும் தெரியாது. நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தட்டின் கீல் இடுக்கில் ஒட்டிய பாணியைப் பஞ்சுக் குச்சியால் எடுக்காவிட்டால் விடியும்போது பெட்டி முழுக்கச் சிற்றெறும்பு. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் திருகாணி பூத்து இறுகும், ஆகவே மூடிய டப்பாவுக்குள் வறுத்து ஆறவைத்த ஒரு பிடி அரிசியைத் துணியில் கட்டிப் போட்டு அதோடு வையுங்கள்.