கம்பஸ் விண்ணப்பம்: முதல் வாரமா, கடைசி நாளா, அடுத்த தடவையா?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று இரவே வன்னியில் பல வீடுகளில், பல்கலைக்கழக விண்ணப்பத்தை எப்போது போடுவது என்ற கதை தொடங்கிவிடும். "உடனே போட்டுவிடு, பிந்தினால் இடம் போய்விடும்" என்பார் அப்பா. "கடைசி மட்டும் பொறு, மற்றவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்ப்பம்" என்பான் கூடப்படித்தவன். "இந்த முறை போடவே வேண்டாம், பரீட்சையை இரண்டாம் தரம் எடுத்தால் மெடிசின்" என்பார் ரியூசன் சேர். மூவருக்கும் பிள்ளை மேல் அக்கறைதான். ஆனால் மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கிளிநொச்சியில் சில வருடங்களாகப் பிள்ளைகளோடு இருந்து இந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து வருகிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முந்தி அனுப்பியவருக்கு முந்தி இடம் கொடுப்பதில்லை. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் தரப்படியும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பதினாறில் அடக்கம். உங்கள் இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கிற உயர்தரப் புள்ளி), உங்கள் மாவட்டம், நீங்கள் எழுதிய பாடநெறி விருப்ப வரிசை, இவைதான் கணக்கு. முதல் நாள் அனுப்பியதற்குத் தனிப் புள்ளி கிடையாது.

அப்படியானால் ஏன் முதல் வாரத்திலேயே தொடங்கச் சொல்கிறேன்? எங்கள் பிள்ளைகளின் கடதாசிகளுக்காக. புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, 2006 இல் பிறந்தவள். இடப்பெயர்வில் வீட்டுக் கடதாசிகள் எல்லாம் போய், பிறப்புச் சான்றிதழைப் பிறகுதான் திரும்ப எடுத்தார்கள். படிவத்தோடு உட்கார்ந்தபோதுதான் கண்டோம்: அடையாள அட்டையில் அவளுடைய ஆங்கிலப் பெயரில் ஒரு 'எச்' இருந்தது, பரீட்சைப் பதிவில் அந்த எழுத்து இல்லை. ஒரு எழுத்துத்தான். அதைச் சரிப்படுத்த பாடசாலை, பிரதேச செயலகம் என்று அவளும் தாயும் நாலு நாள் பஸ் ஏறினார்கள். முதல் வாரத்தில் கண்டதால் நாலு நாள் கையில் இருந்தது. கடைசி நாளில் கண்டிருந்தால்?

மாவட்டக் கணக்கும் அப்படித்தான். உயர்தரத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள், வீடு எங்கே என்பதை அல்ல. முள்ளியவளையில் வீடு இருக்க, நல்ல ரியூசன் என்று யாழ்ப்பாணப் பாடசாலைக்கு மாறிப் படித்த பிள்ளை இதைப் படிவத்தின் முன்னால்தான் அறிகிறது. மருத்துவத்துக்கு முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளி (இடம் கிடைத்த கடைசிப் புள்ளி) யாழ்ப்பாணத்தைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. இரண்டு மாவட்டத்தில் படித்தவர்கள் இரண்டு அதிபரிடமும் கடிதம் எடுக்கவேண்டி வரும், அதற்கும் நாள் வேண்டும்.

கடைசி நாள் மட்டும் பொறுப்பதில் ஒரு நன்மை இருக்கிறது, விருப்ப வரிசையை ஆறுதலாக யோசிக்கலாம். ஆனால் மற்றவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்ப்பதில் ஒன்றும் இல்லை. வரிசை மேலிருந்து கீழே வாசிக்கப்படும், உங்கள் புள்ளி எட்டுகிற முதலாவது பாடநெறி உங்களுக்கு. ஆகவே "கிடைக்கக்கூடியது" என்று நினைப்பதை மேலே போடாதீர்கள், உண்மையில் விரும்புவதை மேலே போடுங்கள். போன வருட வெட்டுப்புள்ளி கீழ்வரிசையில் எதையும் விட்டுவிடாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். பொறுத்தவர்களின் கடைசி இரவையும் பார்த்திருக்கிறேன்: கொமினிகேசன் கடை வாசலில் வரிசை, இணையம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, மழைக்குக் கரண்ட் போகிறது, ஒரு பிள்ளை அழுகிறது.

அப்புறம் இரண்டாம் தரம். இதில்தான் எனக்கு மனவருத்தம் கூட. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் மூன்று தடவை எழுதலாம் என்பது உண்மை. 2024 உயர்தரப் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது, அடுத்த பரீட்சை அந்த நவம்பரில் தொடங்கியது. ஆறரை மாதம், ஒரு பாடம் மட்டும் சறுக்கிய பிள்ளைக்குப் போதும். மூன்று பாடமும் சறுக்கியவருக்குப் போதாது என்பதுதான் நான் கண்டது. ஆனால் திரும்ப எழுதுவதற்காக விண்ணப்பிக்காமல் விடுவது ஏன்? விண்ணப்பம் உங்களைக் கட்டாது, கட்டுவது பதிவுதான். போட்டுவிட்டுப் படியுங்கள், இடம் வந்தால் பதிவுக்கு முன் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டை வரிக்குவரி வாசித்து முடிவெடுங்கள். ஒட்டுசுட்டான் தம்பி ஒருவன் முதல் தடவை போடாமல் விட்டான், இரண்டாம் தரத்தில் இசட் புள்ளி இறங்கிவிட்டது. போன வருடப் பெறுபேற்றை வைத்து இந்த வருடம் கேட்க முடியாது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வவுனியா பூந்தோட்டத்தில் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்குத் தனி அறிவித்தல், தனி முடிவுத்திகதி. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சரி, நான் செய்விப்பது இதுதான். முதல் வாரத்தில் கடதாசிகள் எல்லாம் மேசைக்கு வரவேண்டும். விருப்ப வரிசையை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி ஒரு கிழமை வீட்டில் வைத்திருக்க வேண்டும், அம்மா அப்பாவும் பார்க்கட்டும். முடிவுத்திகதிக்கு ஏழு நாள் இருக்கும்போது அனுப்பிவிட வேண்டும். அந்த 'எச்' தங்கச்சியின் கொப்பியில் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் முதலில் ஒன்பதாவதாக இருந்தது. மூன்றாம் நாள் அவளே வெட்டி நாலாவதாக்கினாள். "வீட்டிலிருந்து போய் வரலாம் அக்கா, அதோடு எனக்கு வயல் பிடிக்கும்" என்றாள்.