போனில் மாட்டும் கிளிப் லென்ஸ்: ஈ பார்க்கப் போதுமா?

இங்கிலாந்துத் தோட்டங்களில் கோடையில் குளவி வேஷம் போட்டு அந்தரத்தில் நிற்கும் ஹோவர்ஃபிளை ஈக்களைப் படமெடுக்கத்தான் இந்த மலிவு மேக்ரோ (சின்னதைக் கிட்டத்தில் பெரிதாகக் காட்டும்) லென்ஸ் வாங்கினேன், காசுக்கு மோசமில்லை. எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்ற ஹோவர்ஃபிளை இனத்தின் ஆரஞ்சு வயிற்றில் தடித்த கறுப்புப் பட்டையோடு மெலிதாக இன்னொன்றும் மீசை மாதிரி ஓடும், அது தெளிவாக விழுகிறது. இனம் கண்டுபிடிக்க அதுவே போதும். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியா என்று பரவலாக இருக்கிற ஈ, கற்றுக்கொள்ள நல்ல தொடக்கம். கண்கள் உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண், விலகியிருந்தால் பெண், அதுவும் தெரிகிறது.

குறை? ரொம்பக் கிட்டே போகணும், நம் நிழல் பட்டதுமே பறந்துவிடும். அப்புறம், ஓரமெல்லாம் மங்கல். சிர்ஃபஸ் டார்வஸ் என்ற இன்னொரு ஹோவர்ஃபிளை இனத்து ஆணின் கண்ணில் இருக்கும் மயிரைப் பார்த்து உறுதிசெய்ய நினைப்பவர்கள் இதை வாங்காதீர்கள், நல்ல கைலென்ஸ் வாங்குங்கள்.