நாராயணா, கருணா: கொழிஞ்சாம்பாறையில் தீராத வழக்கு

எங்கள் கொழிஞ்சாம்பாறை இருப்பது கேரளத்தில். வீட்டுப் பேச்சு தமிழ், நகைநட்டு வாங்கக் கோயமுத்தூர். கால்பந்து என்றால் உயிரை விடும் நண்பர்களுக்கு நடுவே கார் பந்தயம் பேச எனக்கு வாய்த்தவர் என் மச்சான் ஒருவர்தான். அவர் சென்னைக்காரர் கருண் சந்தோக் கட்சி. நான் கோவைக்காரர் நாராயண் கார்த்திகேயன் கட்சி. இருவரில் யார் பெரிய ஓட்டுநர் என்பதுதான் வழக்கு. வேலந்தாவளம் தாண்டினால் கோவைதானே, ஊர்ப்பாசம் என்று கேலி செய்வார். அதுவும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

கார் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா ஒன்னில் நாராயண் ஓட்டியது 46 பந்தயம், கருண் 11. நாராயண் கட்சிக்காரர்கள் முதலில் எடுத்து நீட்டுவது 2005 இண்டியானாபொலிஸ்: நாலாமிடம், 5 புள்ளி. நான் அதைத் தொடவே மாட்டேன். மிஷெலின் டயர் தாங்காது என்று 14 கார்கள் ஆரம்பத்திலேயே ஒதுங்கிவிட்டன. மிச்சம் ஓடியது ஆறே ஆறு. அதிலும் இவருடைய ஜோர்டான் அணியின் அதே காரில் மொன்டெய்ரோ இவருக்கு முன்னால் மூன்றாவதாக வந்துவிட்டார்.

நான் காட்டுவது 2007 ஜுஹாய். நாட்டுக்கு ஓர் அணி என்று மோதும் ஏ1 ஜிபி தொடரில் எல்லா நாட்டுக்கும் ஒரே லோலா கார், ஒரே என்ஜின். காசுள்ள அணி, இல்லாத அணி என்ற பேச்சே குறைவு. அங்கே இந்தியாவுக்கு முதல் வெற்றி வாங்கித் தந்தார், மறு வருடம் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் ஜெயித்தார்.

மச்சான் விடமாட்டார். ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருந்த ஜிபி2விலும் எல்லோருக்கும் ஒரே கார்தானே, கருண் 2007இல் ஸ்பா, 2008இல் ஹாக்கன்ஹைம் ஜெயித்தாரே என்பார். சரி, அது நல்ல போட்டிதான். ஆனால் இரண்டுமே முந்தின நாள் முதல் எட்டுப் பேரைத் தலைகீழாக நிற்கவைத்து விடும் குட்டிப் பந்தயம்.

ஃபார்முலா ஒன்னின் நோஞ்சான் அணியான எச்ஆர்டியில் இருவரும் வெவ்வேறு வருடம் இருந்தார்கள். அதை வைத்து யாரையும் எடை போட முடியாது. 2010 பஹ்ரைனில் கருணின் கார் முதன்முதலாக உருண்டதே தகுதிச் சுற்றில்தான். பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே முடிந்தது. 2011 மெல்போர்னில் நாராயணால் தகுதிச் சுற்றையே தாண்ட முடியவில்லை. நொண்டி மாட்டைப் பூட்டிக் கொடுத்துவிட்டு ரேக்ளா ஓட்டினவனைக் குறை சொல்வதா?

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 37 வயதில் நாராயண் ஜப்பான் போய், 2014 முதல் 2018 வரை அந்த ஊர்த் தொடரான சூப்பர் ஃபார்முலா ஓட்டினார். 2019இல், 42 வயதில், ஃபுஜியில் ஹோண்டா காரில் ஜெயித்தார். கருண் 2012இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர்; அவருடைய அணி ஆறாமிடம் பிடித்தது, பெரிய காரியம். பிறகு மெல்ல டிவி வர்ணனை, மைக் பக்கம் போய்விட்டார்.

ஓட்டுநர் என்று பார்த்தால் நாராயண்தான். "ஓட்டுறது மட்டும்தான் பந்தயமா மாப்ளே?" என்பார் மச்சான். அதற்குத்தான் எனக்கு வாய் வராது. டயர் ஏன் தேய்ந்தது, பிரேக்கை எங்கே தவறவிட்டான் என்று கருண் விளக்கும்போது டிவி சத்தத்தைக் கூட்டுவது நான்தான்.