"ஆஃப்லைன் ஆக்டிவேஷன்" என்று கேம் விற்றால் வாங்காதீர்கள்

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தின் எந்த கேமாக இருந்தாலும் 149 ரூபாய், 249 ரூபாய் என்று ரீல்ஸிலும் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸிலும் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் அலுவலகத்தில் ஒருவர் அப்படி ஒன்றை எனக்கு அனுப்பி, "பையன் கேக்குறான், வாங்கித் தரலாமா?" என்றார். பார்த்தால் எங்களுக்கு மொட்டை அடித்த அதே கடை. பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2024 பொங்கல் சமயம். அக்கா மகளுக்கு ஸ்டார்டியூ வேலி வேண்டும். தாத்தா விட்டுப்போன பண்ணைக்குப் போய் விதைத்து, மீன் பிடித்து, ஊர்க்காரர்களோடு பழகும் கேம். எரிக் பரோன் என்ற தனி ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, கதை, கோடிங் எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. மதுரையில் இருக்கும் தோழியோடு ஆன்லைனில் சேர்ந்து ஆட வேண்டும், அதுதான் இவளுக்கு முக்கியம். லேப்டாப்புக்கு ராம் போட எப்படியும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டியிருந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடை ஒரு உள்சந்தில், குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் லேமினேட் செய்த விலைப்பட்டியல். அதில் வெண்பா என்ற கேமும் இருந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்படியை வைத்து, டொரண்டோவில் ஒரு சின்னக் குழு 2023இல் வெளியிட்ட கேம். 2024இல் அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. இங்கே 99 ரூபாய். அதில் ஒரு பைசா அவர்களுக்குப் போயிருக்காது.

"கிராக் எல்லாம் இல்ல பாஸ், ஒரிஜினல். ஸ்டீம்லயே இறக்கித் தரேன். லைஃப்டைம்."

"ஃப்ரெண்டோட ஆன்லைன்ல ஆட முடியுமாண்ணா?"

"எல்லாம் ஆடலாம் சிஸ்டர்."

249 ரூபாய் ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் "சாஃப்ட்வேர் சர்வீஸ் 249" என்று எழுதி நீட்டினார். ஜிஎஸ்டி எண் இல்லை, சீல் இல்லை. சீட்டில் கேம் பெயரே இல்லாதது ஏன் என்று பிறகுதான் புரிந்தது.

அவர் செய்தது இவ்வளவுதான். ஸ்டீமில் தன்னுடைய ஏதோ ஒரு கணக்கைத் திறந்தார். கணக்கைத் திறக்கத் தன் போனுக்கு வந்த ரகசிய எண்ணைப் போட்டார். கேமை இறக்கி ஒருமுறை ஓடவிட்டு, மெனுவில் "கோ ஆஃப்லைன்", அதாவது நெட் இல்லாமலே ஆடும் முறையை, தட்டினார். இதற்குப் பெயர் ஆக்டிவேஷன். ஒரு கணக்கில் ஒரே ஒரு பிரதி வாங்கி, அதே கணக்கை வருகிறவன் போகிறவன் லேப்டாப்பில் எல்லாம் திறந்துவிடுகிறார்கள். கணக்கை விற்பதோ அடுத்தவருக்குக் கொடுப்பதோ ஸ்டீமின் ஒப்பந்தப்படியே கூடாது. கணக்கு முடங்கினால் காசு கொடுத்தவர் கையில் எதுவும் மிஞ்சாது.

வீட்டுக்கு வந்து தோழியை அழைக்க ஸ்டீமை ஆன்லைனில் விட்டாள். உடனே பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிட்டது. கடைக்குப் போன் போட்டேன்.

"நெட் கனெக்ட் பண்ணிட்டீங்களா? அப்ப வாரண்டி போச்சே பாஸ்."

நெட் போட்டால் வாரண்டி போகிற சரக்கை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. "ரீ-ஆக்டிவேஷன்" செய்ய இன்னொரு 100 ரூபாய் கொடுத்து, தூரத்திலிருந்தே அடுத்தவர் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கைப் போட்டு அவரை லேப்டாப்புக்குள் விட வேண்டுமாம். அக்கா வங்கிக் கணக்கு பார்ப்பதும் அதே லேப்டாப்பில்தான். முகம் தெரிந்த கடைக்காரராகவே இருக்கட்டும், அதற்குள் அவரை எதற்கு விட வேண்டும்? முடியாது என்று சொல்லி லேப்டாப்பை நேரிலேயே கொண்டுபோனேன். மறுபடி ஆஃப்லைன் ஆக்கிக் கொடுத்தார். 100 ரூபாயை விடவில்லை. ஆன்லைன் ஆட்டம் பற்றிக் கேட்டதற்கு, "அது அந்த கேம்ல வராது பாஸ்" என்று கூசாமல் சொன்னார். ஸ்டார்டியூ வேலியில் பலர் சேர்ந்து ஆடும் வசதி 2018இலேயே வந்துவிட்டது, அதுவும் இலவச அப்டேட்டாக.

சரி, தனியாகவாவது ஆடட்டும் என்று விட்டோம். 2024 மார்ச் 19 அன்று 1.6 அப்டேட் வந்தது. புதுப் பண்ணை வகை, புதுத் திருவிழாக்கள், கணினியில் எட்டு பேர் வரை சேர்ந்து ஆடும் வசதி. கேம் வந்து எட்டு வருடம் கழித்தும், முன்பு வாங்கியவர்களிடம் பரோன் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. மதுரைத் தோழிக்கு அது தானாக இறங்கிவிட்டது. இவள் லேப்டாப்பில் பழைய பதிப்பே கிடந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். இப்படித் தனி ஆளோ சின்னக் குழுவோ செய்யும் இண்டி கேமுக்கு நாம் கொடுக்கும் பணம் அன்றைக்கு இறங்கும் ஃபைலுக்கு மட்டும் இல்லை. பிழை திருத்தம், புதுப் பகுதி, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் என்று பின்னால் வருகிற எல்லாம் அந்த விலையில் அடக்கம். கடைக்காரர் அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை "லைஃப்டைம்" என்று விற்கிறார்.

விலையாவது பெரிய லாபமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 14.99 டாலர் விற்கும் இந்த கேம் இங்கே ஸ்டீமில் 500 ரூபாய்க்குள்தான். இந்தியாவுக்கு என்று தனியாக விலை குறைத்து வைத்திருக்கிறார்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் வரும் பெரிய தள்ளுபடிகளில் இப்படிப்பட்ட கேம்கள் பாதி விலைக்கே கிடைப்பதுண்டு. நான் கடையில் அழுததோ 349.

ஸ்டீமில் விற்பதெல்லாம் சொக்கத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. தி டே பிஃபோர் என்று ஒரு கேம் 2023 டிசம்பர் 7 அன்று வந்தது. நாலே நாளில் செய்த நிறுவனமே கடையைக் கட்டிவிட்டது. ஆனால் ஸ்டீமில் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. சாதாரணமாகவே வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் ரீஃபண்ட் கேட்கலாம். மாடிப்படிக் கடையில் வாங்கினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நான் கேட்டேன். 1915இல், அதாவது நுகர்வோர் உதவி எண்ணில், புகார் செய்வேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "போடுங்க பாஸ். சீட்டைப் பாருங்க. நான் சர்வீஸ் சார்ஜ்தான் வாங்குனேன், கேம் விக்கவே இல்லையே" என்றார். துண்டுச் சீட்டின் மர்மம் இதுதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டையே குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு ராம் போட்டுக் கொடுத்த கடை முறையான பில், வாரண்டி எல்லாம் கொடுத்தது; இன்றும் அங்கேதான் போகிறேன். கேம் விற்பவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் ஸ்டீம் கணக்குல ஏத்தித் தருவீங்களா?" ஆஃப்லைன், ஷேர்டு, கணக்கு நாங்களே தருவோம் என்று பேச்சு வளர்ந்தால் கிளம்பிவிடுங்கள். ஸ்டீமில் யுபிஐயிலேயே பணம் கட்டலாம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் வாங்கியதைப் பகிர்ந்து ஆட ஸ்டீம் ஃபேமிலீஸ் இருக்கிறது. மொத்தம் ஆறு பேர் வரை சேரலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு விஷயம். லேப்டாப்பை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். ஸ்டார்டியூ வேலியில் ஆடிய பண்ணை, கணக்கோடு ஒட்டியது இல்லை. விண்டோஸில் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் ஸ்டார்டியூவேலி, அதற்குள் சேவ்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்காரரின் கணக்கை ஸ்டீமிலிருந்து நீக்குங்கள். எனிடெஸ்க் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பிறகு உங்கள் கணக்கில் கேமை வாங்கி, ஃபோல்டரை அதே இடத்தில் வைத்தால் பழைய பண்ணை திறக்கும். அக்கா மகளுக்கு இப்படித்தான் செய்தோம். வேறு சில கேம்கள் சேவ் ஃபைலை ஸ்டீம் கணக்கோடு சேர்த்து வைக்கும். உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.