ஊட்டி ஜிம்மில் ‘கோர்ஸ்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள் – எங்களுக்கு 18,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் ஒரு ஜிம். பெயர் போட்டால் வேறு வம்பு வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள், அதனால் போடவில்லை. தம்பிக்கு உடம்பை ஏற்றும் ஸ்டீராய்டு ‘கோர்ஸ்’ என்று அங்கே நான் கட்டியது 18,500 ரூபாய்.

தம்பி போலீஸ் வேலைக்குத் தயாராகிறான். மார்பளவு 81 செ.மீ. வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். ஓட்டத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. டேப்பை வைத்தால்தான் தகராறு. “ரெண்டே மாசத்துல ஏத்திடலாங்க்கா, ஒரு கோர்ஸ் போட்டா போதும்” என்றார் ட்ரெய்னர். மாத்திரை, ஊசி என்றதும் நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் போனை எடுத்துக் காட்டினார். “பாருங்க்கா, டாக்டருங்களே எழுதித் தர்ற மருந்துதான் இது. கெட்டதுன்னா எழுதுவாங்களா?”

அது பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரக்காதவர்களுக்கு, பருவமடைவது ரொம்பத் தாமதமாகும் பையன்களுக்கு, எச்ஐவி போன்ற நோயில் உடம்பு உருகிப்போனவர்களுக்கு, சில வகை ரத்தசோகைக்கு தசையை வளர்க்கும் இந்த அனபாலிக் ஸ்டீராய்டுகளை டாக்டர்கள் தருவதுண்டு. ஆனால் ரத்தம் பார்த்து, அளவு பார்த்து, திரும்பத் திரும்பப் பரிசோதித்துத் தருவார்கள். இவர் தந்தது லேபிள் கோணலாக ஒட்டிய டப்பாவில் ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. ஊசியை ஞாயிற்றுக்கிழமை இவரே போட்டுவிடுவாராம். “என் தம்பி மாதிரிங்க்கா, பில்லெல்லாம் எதுக்கு?” ஜிபேயில் ‘ஜிம் ஃபீஸ்’ என்று போடச் சொன்னார். 18,500 ரூபாய்க்கு அந்த இரண்டு வார்த்தைதான் இப்போது என்னிடம் இருக்கிற ஆதாரம்.

முதலில் முதுகெல்லாம் பரு. அப்புறம் அரிப்பு. ராத்திரி முழுக்க உள்ளங்கையைச் சீப்பால் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். கண் மஞ்சளானதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாயால் விழுங்கும் இந்த வகை மாத்திரை கல்லீரலில் பித்தத்தைத் தேக்கிவிடுமாம், அதனால் வந்த காமாலை. நல்ல கொழுப்பும் அடிமட்டத்தில். அவர் போட்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசி ரத்தச் சிவப்பணுக்களை ஏற்றும். 7,000 அடிக்கு மேல் வாழும் நமக்கு அது ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ரத்தம் கெட்டியானால் உறைந்து குழாயை அடைக்கிற பயமும் உண்டு என்றார் டாக்டர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விந்தணு குறையும், பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இதைக் கேட்டு அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ட்ரெய்னருக்குப் போன் போட்டேன். “உடம்புச் சூடுங்க்கா, இளநி குடிக்கச் சொல்லுங்க.” மறுபடி போட்டால், “லிவர் டானிக் ஒண்ணு இருக்குது, 900 ரூபாதான்.” ரிப்போர்ட்டை அனுப்பினேன். “நான் எங்க மருந்து வித்தேன்? பையனே ஆன்லைன்ல வாங்கிருப்பான்” என்றார். நேரில் போய் 18,500 ரூபாயைக் கேட்டால் ஓனர் வந்தார். சமாதானத்துக்கு ஒரு புரோட்டீன் டப்பா இலவசமாகத் தருகிறாராம்! இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்:

இது ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலிலேயே விற்கக் கூடாது. ஜிம்மில் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

பில் இல்லையென்றால் பணம் இல்லை.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். தம்பி முதலில் மறைத்ததால் சாதாரணக் காமாலை என்றே பார்த்தார்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ‘ஸ்டீராய்டு’ என்று கேட்டதுமே வீசிங்குக்குப் போடும் இன்ஹேலரை நிறுத்தப் பார்த்தார். அது வேறு வகை ஸ்டீராய்டு, நிறுத்திவிடாதீர்கள்.