ஆறு அங்குல டொப்சோனியன்: எட்டு மாதம் முற்றத்தில் வைத்துப் பார்த்த பிறகு

கனடாவில் இருக்கும் சித்தியின் மகன் புதிய தொலைநோக்கி வாங்கியதும், தன்னுடைய பழைய ஆறு அங்குல டொப்சோனியனை எனக்குத் தந்துவிட்டான். கப்பல் கூலி மட்டும் நான் கட்டினேன். 2025 ஓகஸ்ட் கடைசியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கோப்பாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, அடிப்பலகை வெடித்திருந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. பலகையை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தச்சர் இரண்டு நாளில் புதிதாகச் செய்து தந்தார். முதல் பலகையை விட இது உறுதி.

நான் 1990களில், யுத்த காலத்தில், இந்த ஊரில் கரண்ட் இல்லாமல் வளர்ந்தவள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் படித்தோம். விளக்கை நூர்த்துவிட்டு முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால், பால்வீதி ஒரு வேலியில் இருந்து மற்ற வேலி வரை கிடக்கும். வானத்தில் வெளிச்சம் எதுவும் நகர்ந்தால் பங்கருக்குள் ஓடுவோம். நகராத வெளிச்சங்களை அப்பா பெயர் சொல்லிக் காட்டுவார்: கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை. ஒரு தொலைநோக்கிக்குள் கண் வைத்துப் பார்க்காமலே அவர் போய்விட்டார். இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பொருளுக்கு வருகிறேன். மோட்டார் இல்லை, கணினி இல்லை. ஒரு நீளக் குழாய், அதன் அடியில் 150 மில்லிமீற்றர் குழிவாடி, அதைத் தாங்கும் பலகைப் பெட்டி. கையால் தள்ளித் திருப்ப வேண்டும். குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர். அதைக் கண்வில்லையின் அளவால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது வரும்: 25 மில்லிமீற்றர் கண்வில்லையைப் போட்டால் 48 மடங்கு, 10 மில்லிமீற்றரைப் போட்டால் 120 மடங்கு. பெட்டியில் 600 மடங்கு என்று பெரிதாக அச்சடித்து விற்கும் சின்னத் தொலைநோக்கிகளைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். கண்ணாடியின் மில்லிமீற்றர் அளவை இரண்டால் பெருக்குங்கள், அதற்கு மேலே போனால் படம் கலங்கும். 60 மில்லிமீற்றர் குழாய்க்கு 120 மடங்குதான் எல்லை. மடங்கை விட எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதே முக்கியம். இருட்டில் நன்றாக விரிந்த கண்மணி 7 மில்லிமீற்றர். அதைப் போல 450 மடங்குக்கு மேல் வெளிச்சத்தை இந்த ஆடி வாங்குகிறது.

முதல் ஏமாற்றம் சனியில். புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வளையம் எங்க பிள்ளை? ஊசி குத்தின மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். உண்மை. சனியின் வளையங்கள் ஏறக்குறைய 15 வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்குப் பக்கவாட்டாகத் திரும்பும். 2025 மார்ச்சில் அப்படித் திரும்பின. இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு இரண்டரை இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் விரிந்த வளையம், தடிப்பிலோ பெரும்பாலும் சில பத்து மீற்றர்தான். பக்கவாட்டில் கோடாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? 2032 இல்தான் நன்றாக விரிந்து நிற்கும். இது தொலைநோக்கியின் குறை இல்லை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அந்த ஊசியைத்தான் அவர் அயலுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மழை மாதங்களில் வெளியே எடுக்கவே இல்லை. ஆடியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, குழாயின் இரு பக்கமும் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் போட்டு வைத்தேன்.

தை பிறந்த பிறகு வியாழன். புனர்பூச நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், நேர் உச்சிக்குக் கிட்டவாக நின்றது. இங்கேதான் யாழ்ப்பாணத்தில் இதை வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விசயம் இருக்கிறது. நாங்கள் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறோம். கிரகங்கள் எங்கள் தலைக்கு மேலாலேயே போகும். அதனால் காற்று மண்டலத்தின் மெல்லிய பகுதியூடாகப் பார்க்கிறோம். படம் ஆடாமல் நிற்கும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. ஆனால் டொப்சோனியனைச் செங்குத்தாக நிமிர்த்தினால் பக்கவாட்டுக்குத் திருப்புவது பெரும் பாடு. 120 மடங்கில் பார்க்கும்போது பூமி சுழல்கிற சுழற்சிக்கு வியாழன் இரண்டு நிமிடத்துக்குள் வெளியே ஓடிவிடும், நீங்கள் குழாயைச் சுற்றிச் சுற்றித் தேடுவீர்கள். உச்சிக்கு வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால் பார்த்துவிடுங்கள். பட்டைகள் இரண்டும் வடிவாகத் தெரிந்தன. நாலு நிலவுகளையும் ஏழு மணிக்கு ஒருக்கால் கீறி, பத்து மணிக்குத் திரும்பக் கீறினான் என் மகன். ஒன்று இடம் மாறியிருந்தது. கலிலியோ 1610 இல் கண்டதை அவன் கொப்பியில் தானே கண்டுபிடித்தான்.

பங்குனி அமாவாசையை ஒட்டி மணற்காட்டுக்குக் கொண்டுபோனோம். குழாயை ஓட்டோவின் பின்சீற்றில் படுக்க வைத்தால் ஒரு ஆள்தான் கூட இருக்கலாம், ஆகவே இரண்டு ஓட்டோ. கோப்பாயில் இப்போது தெரு லைற் வந்து பால்வீதியை அழித்துவிட்டது. மணல் மேடுகளுக்குப் போனால் இன்னும் இருக்கிறது. தெற்கே அகத்தியர் நட்சத்திரம், மேலே திருவாதிரை, அதற்குக் கீழே ஒரியன் என்கிற வேட்டைக்காரன் வாளில் ஒரியன் முகில், விண்வெளியில் கிடக்கும் வாயு மேகம். கைப்பேசியில் பார்த்த சிவப்பும் ஊதாவும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மங்கலான வெளிச்சத்தில் எங்கள் கண் நிறம் பிடிக்காது. சாம்பலும் இலேசான பச்சையும் கலந்த புகை, நடுவில் நாலு சிறு நட்சத்திரங்கள். அவ்வளவுதான். ஏறக்குறைய 1,340 ஒளியாண்டு தூரம்: சம்பந்தர் திருக்கோணேஸ்வரத்தைப் பாடிய நூற்றாண்டில் புறப்பட்ட வெளிச்சம். நான் கண்ணை எடுக்கவில்லை. மகன் இரண்டு தரம் தட்டிக் கூப்பிட்டான்.

தம்பி வாங்கிய புதியதில் கண் வைக்க இடமே இல்லை. தானே வானத்தைப் படம் எடுத்து, எங்கே பார்க்கிறது என்று தானே கணித்து, பல படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கைப்பேசிக்கு அனுப்பும். நகர வெளிச்சத்துக்குள் இருந்தே அவன் அனுப்பிய ஒரியனில் அத்தனை நிறமும் இருக்கிறது. ரவுணில் மொட்டை மாடி மட்டும் உள்ளவர்களுக்கு அதையே சொல்வேன். எனக்கு இதுதான் வேண்டும், ஏனென்றால் இதில் வரிசையில் நின்று பார்க்கலாம்.

இதை வடிவமைத்த ஜோன் டொப்சனும் அதற்குத்தான் செய்தார். விவேகானந்தர் 1897 இல் யாழ்ப்பாணம் வந்து பேசிவிட்டுப் போய், 1900 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர் அவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, தெருவோரத்தில் வைத்து, போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் மாசி மாதம் ஒழுங்கை முடக்கில் வைத்தேன். ரியூசன் முடிந்து போன பிள்ளைகள் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார்கள். பால் கொண்டுவரும் அண்ணை நிலாவின் பள்ளங்களைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனிசியைக் கூட்டிவந்தார்.

வருடப்பிறப்புக்குப் பிறகு ஓர் இரவு வடகிழக்கில் சப்தரிஷி ஏறியது. அம்மாவின் கலியாணத்தில் ஐயர் அருந்ததியைப் பட்டப்பகலில் காட்டினாராம். அம்மாவும் வெறும் நீலத்தைப் பார்த்து "தெரியுது" என்று சொன்னாராம். வசிட்டரையும் அருந்ததியையும் 48 மடங்கில் ஒன்றாக வைத்துக் கொடுத்தேன். கனநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு இல்லைப் பிள்ளை, மூண்டு கிடக்கு" என்றார். வசிட்டரே இரட்டை, வெறும் கண்ணுக்கு அது தெரியாது. நான் சொல்லிக் கொடுக்காமல் அம்மாவே பிரித்துப் பார்த்துவிட்டார்.

குனிந்து பார்த்ததில் அடுத்த நாள் அவருக்கு நாரி உளைவு. தச்சரிடம் உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் ஒன்று சொல்லியிருக்கிறேன்.