ஹப்கிடோவா, டைக்வொண்டோவா, கராத்தேயா? முப்பத்தெட்டு வயசில எதைப் பழகிறது?

ரெண்டு கிழமையா எங்கட வீட்டில இதே கதைதான். மகளுக்கு 12 வயசு, எனக்கு 38, ரெண்டு பேரும் ஒரே வகுப்புக்குப் போனால் பெற்றோலும் மிச்சம் எண்டு நினைச்சுத்தான் விசாரிக்கத் தொடங்கினனான், ஆனா விசாரிக்க விசாரிக்க அவளுக்கு வேண்டியது வேற எனக்கு வேண்டியது வேற எண்டு விளங்கிட்டுது.

அவளுக்கு போட்டி வேணும். அப்ப டைக்வொண்டோ நல்லது, 2000 சிட்னியில இருந்து ஒலிம்பிக்கில இருக்கு, புள்ளிக் கணக்கும் தெளிவு, நெஞ்சுக் கவசத்தில காலால அடிச்சா 2, தலையில அடிச்சா 3. கராத்தேயும் குறைஞ்சதில்ல, யாழ்ப்பாணத்தில தேடி அலையத் தேவையில்ல, ஆனா ஒலிம்பிக்கில டோக்கியோவோட வந்து பாரிஸில இல்லாமப் போட்டுது. எனக்கு ரெண்டும் சரிவராது. முட்டுக்கால் அந்த உயரத்துக்கு எழும்பாது, எனக்குப் பதக்கமும் வேண்டாம். பின்னேரம் இருட்டின பிறகு ஒழுங்கையால தனிய வரேக்க ஆராவது கையைப் பிடிச்சா என்ன செய்யிறது, அதுதான் என்ர கேள்வி.

கொரியாவின்ர தற்காப்புக் கலையான ஹப்கிடோ தொடங்கிறதே அந்தக் கேள்வியிலதான். சொய் யொங்-சுல் எண்டவர் ஜப்பானில கனகாலம் இருந்து, ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோட கொரியாவுக்குத் திரும்பி, தேகு நகரத்தில சொல்லிக் குடுத்தது முழுக்கப் பிடி, பூட்டு (மூட்டை முறுக்கி அசையாமப் பிடிக்கிறது), எறிதல். உதையளைக் கனக்கச் சேர்த்தது பிறகு அவரிட்டப் பழகின ஜி ஹன்-ஜே. ஹப்கிடோ எண்ட பேரை எழுதிற சீன எழுத்து மூண்டும் ஜப்பானின்ர ஐக்கிடோ எண்ட கலைக்கும் அதேதான், ஆனா ஐக்கிடோவில உதையைக் காண்பது அரிது.

கொரியாவில வேலை செய்திட்டு வந்த தம்பி ஒராள் கொக்குவிலில ஒரு மண்டபத்தில பழக்கிறார், போன சனி போய்ப் பாத்தனான். காப்பைக் கழட்டி வைக்கச் சொல்லிட்டு என்ர மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சார். நான் பின்னுக்கு இழுக்க இழுக்க பிடி இறுகினதே ஒழிய விடேல்ல. "அக்கா, இழுக்காதேங்கோ, என்ர பெருவிரல் நுனியும் மற்ற விரலும் சந்திக்கிற பக்கமாக் கையைத் திருப்பிக்கொண்டு முழங்கையை முன்னுக்குக் கொண்டு வாங்கோ" எண்டார். செய்தன், கழண்டிட்டுது! நாலு விரலின்ர பலத்தோட மல்லுக்கட்டாம ஒரு விரலின்ர பக்கத்தால வெளிய வாறது, அவ்வளவுதான் விசயம், ஆனா அந்த நேரம் எனக்குக் கண் கலங்கிட்டுது.

குறையும் சொல்லத்தான் வேணும். மணிக்கட்டுப் பூட்டுகள் கைக்கு வரக் கனகாலம் எடுக்கும், எதிர்ல நிக்கிறவர் விட்டுக்குடுத்துக் கொண்டே இருந்தா நாங்கள் பழகினது பொய்யாப் போகும். அதால ஆர் சேர்ந்தாலும் முதல்ல ஒரு வகுப்பு சும்மா இருந்து பாருங்கோ, பழகினவையை உண்மையாத் திமிற விடினமோ எண்டு. ரெண்டாவது, விழப் பழக்கினமோ. நாடியை நெஞ்சோட சேர்த்து, முதுகை வளைச்சு, தலை நிலத்தில படாம கையால மெத்தையில அடிச்சு விழுகிறது. எறிதல் பழக முதல் இது வரவேணும், வயசு போகப் போக அடியைவிட விழுகைதான் ஆக்களைப் படுக்கையில போடுது. ஜூடோவிலயும் இது அருமையாச் சொல்லிக் குடுப்பினம், 1882இல ஜப்பானில கானோ எண்டவர் அதைத் தொடங்கின காலத்தில இருந்து எறிதல்தானே அவையின்ர உயிர், ஆனா அங்க மல்லுக்கட்டு கூட, என்ர நாரி தாங்காது.

இந்த மண்டபத்தில மெத்தை மெல்லிசு, கீழ சீமெந்து. கேட்டனான், தடிச்ச மெத்தை வாங்கும் வரை விழுகிற பயிற்சி வெளியில புல்லுக்கதான் எண்டார், அது எனக்குப் பிடிச்சுது. மகள் டைக்வொண்டோவுக்கு, நான் இங்க. பெற்றோல் ரெண்டு பக்கமும் போகட்டும், வாற செவ்வாய் அவளுக்கு ரியூசன் இல்ல, அண்டைக்குப் போய்ப் பேர் குடுக்கப் போறன்.